மர்ம நபர், மர்மக் காய்ச்சல், மர்ம மரணம்: செய்தித் தமிழில் ஒரு சொல்லின் பல பொருள்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டச் செய்திகள் வரும் பக்கத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு மூலையில் மர்ம நபர்கள் கோயில் உண்டியலை உடைத்திருப்பார்கள். அதன் கீழே மர்மக் காய்ச்சலுக்கு ஒரு சிறுமி பலியாகியிருப்பாள். பக்கத்துப் பத்தியில் ஏரி மீன்கள் மர்மமான முறையில் செத்து மிதக்கும். மூன்று இடத்திலும் சொல் ஒன்று, பொருள் வேறு. உண்டியல் செய்தியில் 'செய்தவர் யார் என்று தெரியவில்லை' என்று பொருள். காய்ச்சல் செய்தியில் 'பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை' என்று பொருள். ஏரிச் செய்தியிலோ 'யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஊரார் சந்தேகப்படுகிறார்கள்' என்பது பொருள்.

நாளிதழ் ஒன்றின் மாவட்டச் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் செய்தி திருத்தியவன் நான். புதிதாக வேலைக்கு வந்த செய்தியாளர்களும், தொலைபேசியில் அழைத்த வாசகர்களும் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் அன்று சொன்னதைவிடத் தெளிவாக இப்போதுதான் எனக்கு விளங்குகின்றன.

'மர்மம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? முதலில் என்ன பொருளில் இருந்தது?

வடமொழியில் 'மர்மன்' என்பது உடலில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் இடத்தைக் குறித்தது. சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் இத்தகைய இடங்கள் 107 என்று கணக்கிடுகிறது. நம் சித்த மருத்துவ மரபில் இதே கருத்து வர்மம் என்ற பெயரில் வாழ்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று குமரி மாவட்டத்து ஆசான்கள் இன்றும் எண்ணிச் சொல்வார்கள். பழைய இலக்கியத்தில் 'மருமம்' என்று தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாறி, மார்பு என்ற பொருளிலும் வருகிறது.

உயிர்நிலை என்றால் பிறர் கண்ணில் படாமல் காக்க வேண்டிய இடம். அதிலிருந்து மறைபொருள், இரகசியம் என்ற பொருள் கிளைத்தது. இரகசியத்திலிருந்து 'விளங்காதது' வந்தது. செய்தித்தாள்கள் அதையும் தாண்டி 'யாரென்று, எதுவென்று, ஏனென்று தெரியாத' என்ற பொருளில் இதைப் பெயருக்கு முன் அடையாக ஒட்டிக்கொண்டன.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. இரகசியம் என்றால் மறைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். தெரியாமை அப்படியல்ல, நாம் இன்னும் தேடவில்லை, அல்லது தேடியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 'மர்ம' என்ற அடைமொழியைத் 'தெரியாத' என்ற பொருளில் நாம் எழுதினாலும், 'மறைக்கப்பட்ட' என்ற பழைய பொருள் அதன் கூடவே நிழல்போல வருகிறது. வாசகர் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறார். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

'மர்ம நபர்' என்றால் யார்?

காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் குற்றம் செய்தவரின் பெயர் தெரியாவிட்டால், அடையாளம் தெரியாத நபர் என்று எழுதுவார்கள். அது செய்தியாளரின் குறிப்பேட்டுக்கு வரும்போது 'மர்ம நபர்' ஆகிவிடுகிறது. தலைப்பில் இடம் குறைவு. 'அடையாளம் தெரியாத' என்பது இரண்டு சொல், 'மர்ம' என்பது மூன்றே எழுத்து. இந்தச் சிக்கனம்தான் சொல்லை இவ்வளவு பரப்பியது என்று நினைக்கிறேன்.

ஆனால் செய்திகளில் இந்தத் தொடர் குறைந்தது நான்கு வகையான மனிதர்களைக் குறிக்கிறது. யாருமே பார்க்காத திருடன் ஒருவன். எல்லோரும் பார்த்தும் யார் என்று தெரியாதவன் இரண்டாமவன்; கண்காணிப்புக் கேமராவில் முகம்கூடத் தெரிந்திருக்கும். மூன்றாவது, போலீசாருக்குப் பெயர் தெரியும், விசாரணை கருதிச் சொல்லவில்லை. நான்காவது, ஊருக்கே பெயர் தெரியும், எழுதத்தான் யாருக்கும் துணிவில்லை. இந்த நான்குக்கும் ஒரே சொல் போட்டால் வாசகருக்கு என்ன தெரியும்?

கேமராவில் இருவர் தெரிகிறார்கள் என்றால் 'ஹெல்மெட் அணிந்த இருவர்' என்று எழுதுங்கள். 'மர்ம நபர்கள்' என்று எழுதும்போது எண்ணிக்கை போய்விடுகிறது, ஹெல்மெட் போய்விடுகிறது, வந்த மோட்டார் சைக்கிளும் போய்விடுகிறது. நமக்குத் தெரிந்ததையும் தெரியாததாக்கிவிடும் வேலையை அந்தச் சொல் செய்துவிடுகிறது. போலீசார் பெயரைச் சொல்ல மறுத்தால், 'பெயரை வெளியிடப் போலீசார் மறுத்துவிட்டனர்' என்பதே ஒரு செய்தி. அதை ஏன் விழுங்க வேண்டும்?

அந்தச் சொல்லால் ஆபத்தும் உண்டா?

உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2018 மே மாதம், குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. வட தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மக்கள் இரவில் கட்டையோடு காவல் இருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்றுகொண்டிருந்த சென்னையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று வழி கேட்பதற்காக நின்றது. காரில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தார். கடத்தல்காரர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அதே நாள்களில் பழவேற்காட்டில் ஓர் ஆண் இதே வதந்திக்குப் பலியானார்.

இந்த வதந்தியைச் செய்தித்தாள்கள் தொடங்கிவைக்கவில்லை. ஆனால் 'மர்ம நபர்' என்ற உருவத்தைப் பல பத்தாண்டுகளாக வாசகர் மனத்தில் வரைந்து வைத்தவர்கள் நாம். ஊருக்குப் புதியவர், மொழி தெரியாதவர், மனநிலை பாதிக்கப்பட்டுச் சுற்றித் திரிபவர், பிச்சை கேட்பவர் என்று யாராக இருந்தாலும் அந்த உருவத்துக்குள் எளிதாகப் பொருந்திவிடுகிறார்கள். பிழைப்புக்காக வந்த வடமாநிலத் தொழிலாளர் ஒருவர் இரவில் தெருவில் நடந்தார் என்பதை 'மர்ம நபர் நடமாட்டம். பொதுமக்கள் அச்சம்' என்று எழுதினால், அந்த அச்சத்தில் நம் பங்கும் கலந்துவிடுகிறது.

இலங்கையில் 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி கிளம்பியது. உடலில் கிறீஸ் பூசிய ஆண்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கிழக்கு, மலையகம், வடக்கு எங்கும் பேச்சு. அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் 'மர்ம மனிதன்' என்ற பெயர் நாள்தோறும் வந்தது. புத்தளத்தில் ஆத்திரமடைந்த கூட்டம் பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்களுக்கும் இராணுவத்துக்கும் மோதல் ஏற்பட்டு, ஏராளமானோர் கைதானார்கள். அந்தப் பீதியில் பெண்கள் உண்மையாகவே காயமடைந்த சம்பவங்களும் இருந்தன, வெறும் பேச்சும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய வேளையில், 'மர்ம மனிதன்' என்ற ஒரே பெயர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

இலங்கைப் பத்திரிகைகளில் 'இனந்தெரியாத நபர்' என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

அகராதிப்படி ஏறத்தாழ ஒன்று. பயன்பாட்டில் ஒன்றல்ல. 'இனந்தெரியாத' என்பதற்கு இன்னார் என்று இனங்காண முடியாத என்று பொருள். இதில் கிசுகிசு இல்லை, பரபரப்பு இல்லை. சொல்லாகப் பார்த்தால் 'மர்ம' என்பதைவிட நேர்மையானது என்று சொல்வேன்.

ஆனால் போர்க்காலம் அந்தச் சொல்லின் மீது வேறொரு சுமையை ஏற்றியது. 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்ற வரியைப் படித்த யாழ்ப்பாணத்து வாசகர், யாராக இருக்கும் என்று தன் மனத்துக்குள் ஒரு பெயரை நிரப்பிக்கொண்டார். எழுதியவருக்கும் அது தெரியும். எழுதினால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. அத்தகைய ஊரில் 'இனந்தெரியாத' என்று எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தெரியாமையைச் சொல்ல வந்த சொல், தெரிந்தும் சொல்ல முடியாத நிலையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

தமிழ்நாட்டில் உள்ள நமக்கு அந்த நெருக்கடி இல்லாத நாளிலும் 'மர்ம நபர்' என்று எழுதுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

'மர்மமான முறையில் இறந்தார்' என்றால் கொலை என்று அர்த்தமா?

இல்லை. ஆனால் வாசகர் பத்தில் எட்டு இடத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

சட்டத்தில் 'மர்ம மரணம்' என்று ஒன்று கிடையாது. தற்கொலை, விபத்து, விலங்கு தாக்குதல், காரணம் தெரியாத மரணம் ஆகியவற்றில் போலீசார் முதலில் பதிவு செய்வது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில். 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-வது பிரிவு. 'சந்தேக மரணம்' என்று போலீசார் சொல்வது இதைத்தான். உடற்கூறு பரிசோதனை முடிவும், தேவைப்பட்டால் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிய உள்ளுறுப்புகளின் முடிவும் வந்த பிறகு, வழக்கைக் கொலை வழக்காகவோ தற்கொலைக்குத் தூண்டிய வழக்காகவோ மாற்றுவார்கள், அல்லது முடித்துவைப்பார்கள். ஆக, 'சந்தேக மரணம்' என்பது ஒரு கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது என்பதன் பெயர். யார் மீதும் சந்தேகம் என்பதன் பெயர் அல்ல.

என் கையால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்கிறேன். வயல் வரப்பில் இறந்து கிடந்த முதியவர் ஒருவரைப் பற்றி நான்கு வரிச் செய்தி வந்தது. செய்தியாளர் 'இறந்து கிடந்தார்' என்றுதான் எழுதியிருந்தார். வரி மொட்டையாக இருக்கிறதே என்று, 'மர்மமான முறையில்' என்று நான் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தார். மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் செய்தியைப் படித்த உறவினர்கள், நிலத்தகராறு இருந்த அண்ணனையே குற்றவாளிபோலப் பார்க்கிறார்கள், காரியத்துக்குக்கூட வரவில்லை என்றார். "நீங்க எதைப் பார்த்து அப்படி எழுதினீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் எதையும் பார்க்கவில்லை. மறுநாள் பிழைதிருத்தம் போட்டோம். அந்த அண்ணனுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். 'மர்மமான முறையில்' என்று யாராவது எழுதிவந்தால், எந்த முறை என்று கேட்பேன். உடலில் காயம் இருந்ததா? கதவு உள்ளே தாழிட்டிருந்ததா? உறவினர் புகார் கொடுத்திருக்கிறார்களா? இருந்தால் அதை எழுதலாம். எதுவும் இல்லை என்றால், 'இறப்புக்கான காரணம் உடற்கூறு பரிசோதனைக்குப் பின் தெரியவரும்' என்று எழுதினால் போதும்.

அப்படியென்றால் உண்மையிலேயே சந்தேகம் இருக்கும் மரணங்களை எப்படி எழுதுவது?

சந்தேகம் யாருடையது என்று சொல்லி எழுத வேண்டும். திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் இறந்த பெண் என்றால், கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். காவலில் இருந்தவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை. இந்த விசாரணைகள் நடக்கின்றனவா, எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டு எழுதுவது ஆயிரம் 'மர்ம'த்தை விட வலுவானது. 'மகளின் சாவில் சந்தேகம் இருப்பதாகத் தந்தை புகார் அளித்துள்ளார்' என்ற வரியில் சந்தேகப்படுபவர் இருக்கிறார், அதற்கு அவர் பொறுப்பேற்கிறார். 'மர்மச் சாவு' என்ற தலைப்பில் சந்தேகம் இருக்கிறது, சந்தேகப்படுபவர் இல்லை.

மறுபுறமும் உண்டு. காவலில் ஒருவர் இறந்து, உடலில் காயங்கள் இருப்பதாகக் குடும்பத்தார் சொல்லும்போது 'மர்ம மரணம்' என்று எழுதினால், கேட்க வேண்டிய கேள்வியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. அங்கே அந்தச் சொல் பூதாகாரமாக்கவில்லை, மூடிவிடுகிறது.

'மர்மக் காய்ச்சல்' என்று ஒரு நோய் இருக்கிறதா?

கிடையாது. இந்தக் கேள்வியைத்தான் வாசகர்கள் அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஒரு தாய், 'மர்மக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போக வேண்டும்' என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவத்தில் 'காரணம் கண்டறியப்படாத காய்ச்சல்' என்ற வகை உண்டு. 1961-இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் மூன்று வாரத்துக்கும் மேலாக விட்டுவிட்டு வந்து, மருத்துவமனையில் வைத்துச் சோதித்தும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். நம் செய்திகளில் வரும் மர்மக் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல். டெங்குவுக்கு முதல் ஐந்து நாள்களில் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று, அதன் பிறகு செய்ய வேண்டியது வேறு. எலிக் காய்ச்சலுக்குத் தனிப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் வந்த பலருக்கு உடலில் எங்கோ ஒரு கருத்த பொருக்குப் புண் இருக்கும்; அக்குளிலோ தொடை இடுக்கிலோ அது ஒளிந்திருந்தால் பார்க்கத் தவறிவிடுவார்கள். அது பிடிபட்டுவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே குணமாகிற நோய். அதை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதும்போது, மருந்தே இல்லாத ஏதோ ஒன்று ஊருக்குள் வந்துவிட்டதாக மக்கள் நினைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நேரங்களில் 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல் அதிகாரிகளுக்கு வசதியாக இருக்கிறது. டெங்கு என்று ஒப்புக்கொண்டால் கொசு ஒழிப்பு நடந்ததா என்று கேள்வி வரும். மர்மம் என்றால் யாரிடமும் கேட்க முடியாது. செய்தியாளர் தாமாக அந்தச் சொல்லைப் போடும்போது அவர்களுக்கு உதவிவிடுகிறார்.

ஆனால் உண்மையாகவே காரணம் தெரியாத நோய்களும் வருகின்றனவே?

வருகின்றன. அவற்றின் கதைகளைப் படித்தால், அந்தச் சொல் எவ்வளவு தற்காலிகமானது என்பது புரியும்.

பீகாரில் முசாஃபர்பூரில் ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்காக அது மர்ம நோய்தான். 2014-இல் மே 26 முதல் ஜூலை 17 வரை மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. லிச்சிப் பழத்தில் இயற்கையாக இருக்கும் நச்சுப்பொருள்கள், இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளின் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடுகின்றன என்று அது காட்டியது. குழந்தைகளுக்கு இரவு உணவு கொடுங்கள் என்பது பரிந்துரைகளில் ஒன்று. 'மர்ம நோய்' என்ற பெயருக்குப் பின்னால் லிச்சித் தோப்பும் பசித்த வயிறும் இருந்தன.

ஆந்திராவின் ஏலூரில் 2020 டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் ஈயமும் நிக்கலும் இருப்பதாக எய்ம்ஸ் மருத்துவர்கள் சில நாள்களிலேயே கண்டார்கள். அதற்குப் பிறகும் 'மர்ம நோய்' என்றே தொடர்ந்த செய்திகள் இருந்தன. ஈயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய கேள்வியாக மாறியிருந்தது. பழைய சொல் அந்தக் கேள்வியை மறைத்தது.

நேர்மையாகப் பெயர் வைத்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைப் பல ஆண்டுகளாக வாட்டும் சிறுநீரக நோயை, 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்றே மருத்துவ உலகம் அழைக்கிறது. தெரியாதது எது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நோய் எது என்று தெரியும், எந்த உறுப்பு என்று தெரியும், காரணம்தான் தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லும் பெயர் அது.

மர்மப் பொருள்?

இங்கே சொல்லின் பொருள் 'என்னவென்று பார்த்தவருக்குத் தெரியாத' என்பதுதான். பார்த்தவருக்குத் தெரியாதது வேறு ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வடக்கே, கிரீன் ஹெட் கடற்கரையில் பெரிய உலோக உருளை ஒன்று ஒதுங்கியது. 'மர்மப் பொருள்' என்று உலகெங்கும் செய்தி. இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் சொல்லிவிட்டது: நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் நிலைப் பகுதி அது. அந்தக் கடற்கரையில் நின்றவர்களுக்கு மர்மம். இஸ்ரோவில் அதைப் போன்றதைப் பார்த்துப் பழகியவருக்கு அன்றாடப் பொருள்.

2016 பிப்ரவரி 6 அன்று வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தத்தோடு பள்ளம் உண்டாகி, ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்று மாநில அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், அது தரையில் நடந்த வெடிப்புபோலத்தான் தெரிகிறது என்றார்கள். இது மர்மம் என்று எழுதத் தகுந்த இடம்தான். ஆனால் அங்கேயும் 'அரசு இப்படிச் சொல்கிறது, நாசா இப்படிச் சொல்கிறது' என்ற முரணைச் சொல்வதில்தான் செய்தி இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் கிடந்த 'மர்மப் பை' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெடிகுண்டுப் பிரிவினர் வந்து திறந்து, உள்ளே பழைய துணி இருந்தது என்றால், தலைப்பிலேயே துணியையும் சொல்லிவிடுங்கள்.

வானில் கேட்ட 'மர்மச் சத்தம்'?

திண்டுக்கல், திருப்பூர், மயிலாடுதுறைப் பக்கங்களில் அவ்வப்போது வீட்டுச் சன்னல்கள் அதிரும்படி சத்தம் கேட்பதாகச் செய்தி வரும். நிலநடுக்கமோ என்று மக்கள் வெளியே ஓடுவார்கள். போர் விமானம் ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது, அதாவது மணிக்குச் சுமார் 1,235 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, காற்றில் அதிர்வலை எழும்பித் தரையில் இடிபோலக் கேட்கும். 2020 மே 20 அன்று பெங்களூரில் இதே சத்தம் கேட்டு நகரமே பரபரத்தது. விமானப்படையின் சோதனைப் பறத்தல் என்று பாதுகாப்பு அமைச்சகம் அன்றே சொன்னது. இத்தகைய சத்தம் கேட்டால் முதலில் விமானப்படையின் செய்தித் தொடர்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பதில் வரவில்லை என்றால், 'பதில் வரவில்லை' என்று எழுதலாம்.

ஆடுகளைக் கடித்துக் கொல்லும் 'மர்ம விலங்கு'?

பட்டியில் இருபது ஆடு செத்துக் கிடக்கும் விவசாயிக்கு இது சொல்லாராய்ச்சி அல்ல, பணம். சிறுத்தை என்று உறுதியானால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்க முடியும். தெருநாய் என்றால் நெடுங்காலம் அந்த வழி இருக்கவில்லை; காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அதற்காகத் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. 'மர்ம விலங்கு' என்று விட்டுவிட்டால் யாரிடமும் கேட்க முடியாது. கால்தடம் எடுக்கப்பட்டதா, தானியங்கிக் கேமரா வைத்தார்களா, கால்நடை மருத்துவர் கடித்த இடத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். கழுத்தைக் கவ்விக் கொன்றதா, பின்தொடையைக் குதறியதா என்பதை வைத்தே அனுபவமுள்ளவர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரில் நடமாடியது சிறுத்தைதான் என்பது ஒரு கண்காணிப்புக் கேமராப் பதிவால் முதல் நாளே தெளிவானது.

'மர்ம உறுப்பு' என்று எழுதுவது ஏன்? தவறா?

வேரோடு ஒட்டிப் பார்த்தால் இதுதான் சொல்லின் பழைய பொருளுக்கு மிக நெருக்கமான பயன்பாடு. மறைத்துக் காக்க வேண்டிய, அடிபட்டால் உயிர் போகக்கூடிய இடம். அச்சில் கூச்சமில்லாமல் எழுத ஒரு மறைமொழி வேண்டியிருந்தது, இது கிடைத்தது.

ஆனாலும் இதை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. மற்ற இடங்களில் 'மர்ம' என்றால் சந்தேகத்துக்குரியது, அஞ்சத்தக்கது என்று வாசகரைப் பழக்கிவிட்டு, அதே சொல்லை ஒரு குழந்தையின் உடலுக்குச் சூட்டுகிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை தன் உடலைப் பற்றிப் பேசவே பெயர் இல்லாமல் தவிக்கிறது. பிறப்புறுப்பு என்ற சொல் தமிழில் இருக்கிறது, பள்ளிப் பாடநூலில் இருக்கிறது, மருத்துவர் எழுதுகிறார். செய்தியிலும் எழுதலாம். காயத்தின் விவரம் செய்திக்குத் தேவையில்லை என்றால் உறுப்பையே குறிப்பிடாமல் விடலாம். பெரும்பாலும் அதுவே சரி.

'தாமதத்தின் மர்மம் என்ன?' என்று அரசியல் செய்திகளில் வருகிறதே?

அங்கே 'மர்மம்' என்றால் தெரியாதது அல்ல. 'எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், நீ சொல்லமாட்டாய்' என்பது அதன் பொருள். டெண்டர் ஏன் தள்ளிப்போனது, கோப்பு ஏன் நகரவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்கும்போது அது குற்றச்சாட்டு. மேற்கோளுக்குள் அவர் வாயால் வரலாம். செய்தியின் சொந்தக் குரலில் வரக்கூடாது.

முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த பிறகு, 'மரணத்தில் மர்மம்' என்ற தொடர் பல ஆண்டுகள் அரசியல் மேடையில் ஒலித்தது. அதை விசாரிக்க 2017-இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைந்தது. 2022-இல் அறிக்கை தந்தது. அதன் நடுவே, சிகிச்சை மருத்துவ முறைப்படி சரியாகவே இருந்தது என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு தெரிவித்தது. ஆணையமோ சிலர் மீது மேல்விசாரணை தேவை என்று பரிந்துரைத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்ன செய்திகள் குறைவு. 'மர்மம் நீடிக்கிறது' என்ற தலைப்புகள் நிறைய.

மர்ம, மர்மமான: எதை எங்கே? ஒற்று மிகுமா?

மர்மம் என்ற பெயர் ஈற்று மகரம் கெட்டு அடையாக நிற்கும்போது, அடுத்து வல்லினம் வந்தால் மிகும்: மர்மக் காய்ச்சல், மர்மச் சாவு, மர்மப் பொருள். மெல்லினமும் இடையினமும் வந்தால் மிகாது: மர்ம நபர், மர்ம மரணம், மர்ம விலங்கு. 'மர்மமான' என்பது 'மர்மம் நிறைந்த' என்று சற்றே வலுவான பொருள் தரும். 'மர்மமான முறையில்' என்பதோ எந்த முறையையும் சொல்லாத தொடர். அடித்துவிட்டால் வரிக்கு ஒரு குறையும் வராது. சோதித்துப் பாருங்கள்.

மர்மம் விலகிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

முதல் செய்தி எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக வந்ததோ, அதே இடத்தில் அதே அளவில் விடையையும் போட வேண்டும். 'மர்மக் காய்ச்சல்' முதல் பக்கத்திலும், 'டெங்கு என உறுதி' ஏழாம் பக்கத்தின் அடியிலும் வந்தால், ஊருக்குள் மர்மக் காய்ச்சல் மட்டும்தான் தங்கும். நான் வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருந்தேன். 'மர்ம' என்று அச்சான ஒவ்வொரு செய்தியையும் தேதியோடு அதில் குறித்து, பதினைந்து நாள் கழித்து அந்த ஊர்ச் செய்தியாளரைக் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்பேன். பாதிக்கு மேல் விடை கிடைத்திருக்கும், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லை எழுதவே கூடாதா?

எழுதலாம். மர்மக் கதை, மர்ம நாவல் என்று எழுதுங்கள். அங்கே ஆசிரியர் வேண்டுமென்றே மறைக்கிறார், வாசகர் விரும்பியே ஏமாறுகிறார். 1945 ஆகஸ்டில் நேதாஜிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி எழுதும்போது எழுதலாம். மூன்று விசாரணைகள் நடந்து, முதல் இரண்டும் விமான விபத்தில் இறந்தார் என்றும், மூன்றாவது அப்படி இல்லை என்றும் சொன்ன பிறகு, அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மற்றபடி, நாளைக் காலைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளக் கூடியதை மர்மம் என்று எழுதாதீர்கள். முதலில் அந்த அழைப்பைச் செய்யுங்கள்.